கார்டில் வந்த வசனமும் வீட்டுக்குள் வந்த வெள்ளமும்

கடலூரில் பெண்ணையாற்றங்கரைப் பக்கம் குடியிருக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. 2024 புத்தாண்டு ராத்திரி ஆராதனை முடிந்து, தட்டில் இருந்து அவர் எடுத்த வாக்குத்தத்த கார்டில் "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது" (சங்கீதம் 91:10) என்று வந்திருக்கிறது. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தார்கள். வருட நடுவில் மாமியாருக்கு மார்பில் புற்றுநோய் என்று ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் வந்த ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு ஏறி அந்த ஃபிரிட்ஜே போய்விட்டது. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, சபைக்குக் கொடுக்கத் தவறாத குடும்பம். சபையில் ஒருவர், "ஏதாவது மறைவான பாவம் இருக்கும், ஆராய்ந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பத்து வயது மகள், "இயேசப்பா பொய் சொன்னாராம்மா?" என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது, இனிமேல் வாக்குத்தத்தங்களை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, முதலில் அந்த "மறைவான பாவம்" பேச்சை மனசிலிருந்து எடுத்துப் போட்டுவிடுங்கள். அதைச் சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், சரி. ஆனால் பிள்ளைகளையும் சொத்தையும் ஆரோக்கியத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவின் சிநேகிதர்களும் நல்ல எண்ணத்தில்தான் வந்தார்கள். ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள், அதுவரைக்கும் அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கஷ்டம் வந்திருக்கிறதா, அப்போ தப்பு செய்திருக்கிறாய், ஒத்துக்கொள், சரியாகிவிடும் என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார்கள். புஸ்தகத்தின் கடைசியில் கர்த்தர் கோபப்படுவது, பிறந்த நாளைச் சபித்து, தேவனிடமே நியாயம் கேட்டு வழக்காடிய யோபு மேல் இல்லை. அவருக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று பேர் மேல்தான். என் தாசனாகிய யோபைப் போல நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார் (42:7). இதைவிட நேரடியாக எப்படிச் சொல்வது? சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டுவிட்டு, அவரே "அப்படியல்ல" என்றார் (லூக்கா 13:4-5).

கடலூர்க்காரர்களுக்கு இது புதுப் பேச்சும் இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்தது. நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் பிள்ளைகளை மண்ணில் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் போய், இது பாவத்துக்குத் தண்டனை என்று பேசியவர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சை என் காதால் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா பதிலே சொல்லாமல் கையில் இருந்த குழந்தைச் சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். இத்தனை வருடம் வேதபாட வகுப்பு நடத்துகிறேன், யாராவது துன்பத்துக்கு இப்படி வேகமாகக் காரணம் கண்டுபிடித்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது.

இப்போது கார்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த வழக்கத்தை நான் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். வருடம் முழுக்க வேதத்தைத் திறக்காத வீட்டில்கூட ஒரு வசனம் சுவரில் இருக்கிறது, அதனால் நல்லது நடந்திருக்கிறது. ஆனால் அது நமக்குத் தெரியாமலே ஒரு தப்பான பழக்கத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டது. வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து பிய்த்து எடுத்து, அதில் நம் பெயரை எழுதி, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று கெடு போட்டுவிடுகிறோம். கர்த்தர் போடாத கெடு அது. கெடு முடிந்து காரியம் நடக்கவில்லை என்றால், ஒன்று அவர் பொய் சொன்னார், இல்லை நம் விசுவாசம் சொத்தை என்று இரண்டே முடிவுதான் கையில் மிஞ்சுகிறது. உங்கள் மகள் முதல் முடிவுக்குப் போனாள், சபையில் அந்த மனிதர் இரண்டாவது முடிவுக்குப் போனார். இரண்டும் கிளம்புகிற இடம் ஒன்றுதான்.

91ஆம் சங்கீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொல்லாப்பு நேரிடாது என்று சொன்ன அதே பாட்டு, ஐந்து வசனம் தள்ளி, "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்கிறது. ஆபத்தே வராது என்றால் ஆபத்தில் கூட இருப்பது எதற்கு? பாடினவருக்கு இது தெரியாமல் இல்லை. கொள்ளைநோயும் போரும் பார்த்த ஜனம் பாடின பாட்டு அது. வேதத்தில் இந்தச் சங்கீதத்தை இரண்டு வசனமாக வெட்டி எடுத்து, "இதோ எழுதியிருக்கிறதே, குதி" என்று சொன்னவன் யார் தெரியுமா? பிசாசு. தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்தி, தூதர்கள் தாங்குவார்கள் என்ற 11, 12ஆம் வசனங்களை அவன்தான் சொல்கிறான் (மத்தேயு 4:6). கர்த்தரைப் பரீட்சை பார்க்கிறதில்லை என்று இயேசு மறுத்துவிட்டார். அந்தச் சங்கீதம் யாருக்காவது முழு உரிமையாகச் சேரும் என்றால் அது அவருக்குத்தான். அவரையே ஒரு வெள்ளிக்கிழமை ஆணி அடித்தார்கள், தூதர் யாரும் வந்து தாங்கவில்லை, "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று 22ஆம் சங்கீதத்தைச் சொல்லி அலறினார். தப்புவித்தல் வந்தது. ஆனால் சாவுக்கு முன்னால் வரவில்லை, சாவைத் தாண்டி மூன்றாம் நாள் வந்தது. தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் அவருக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கிறது என்று பவுல் எழுதினது (2 கொரிந்தியர் 1:20) இந்த மூன்று நாளையும் சேர்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்ள முடியாது.

கார்டுகளில் அடிக்கடி வருகிற இன்னொரு வசனம் உண்டு, நம் ஊரில் பாதி வீடுகளில் காலண்டரில் பார்த்திருப்பீர்கள்: "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்று உண்டோ?" எரேமியா 32:27. அந்த அதிகாரத்தை முழுசாக உட்கார்ந்து படியுங்கள், ஒரு அரைமணி ஆகும், அதைவிட உங்கள் நிலைமைக்குப் பொருந்துகிற அதிகாரம் எனக்குத் தெரியாது.

பாபிலோன் ராணுவம் எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. ஊர் விழப்போகிறது என்று உண்மையைச் சொன்னதற்காக எரேமியா தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய அப்பாவின் சகோதரர் மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள் என்கிறான். நினைத்துப் பாருங்கள், எதிரிப் படை தேசத்தையே வளைத்துக்கொண்டு நிற்கும்போது அந்த நிலத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்! வாங்கு என்கிறார் கர்த்தர். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள், முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்க வேண்டும், ஒரு மண்பாண்டத்தில் போட்டு வை என்கிறார். பத்திரத்தை வெள்ளத்துக்குப் பயந்து பாலித்தீன் கவரில் சுற்றிப் பரண்மேல் வைக்கிற நமக்கு அந்த மண்பாண்டம் நன்றாகவே புரியும்.

எல்லாம் முடிந்த பிறகு எரேமியாவுக்கே கலக்கம் வருகிறது. ஜெபத்தில் அதை அப்படியே கேட்கிறார்: ஊர் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீர் என்னடாவென்றால் நிலத்தை வாங்கச் சொல்லுகிறீரே என்று. அதற்குத்தான் அந்த 27ஆம் வசனம் பதிலாக வருகிறது. கார்டில் அச்சடிக்காத அடுத்த வசனம் என்ன சொல்கிறது? இந்த நகரத்தை நான் கல்தேயர் கையில் ஒப்புக்கொடுக்கிறேன் என்கிறது. செய்யக்கூடாத காரியம் ஒன்றுமில்லை என்று சொன்ன அதே மூச்சில், ஊர் எரியும் என்றும் சொல்கிறார். அதற்கும் பிறகுதான், நான் திரும்பக் கூட்டிவருவேன், இங்கே மறுபடி நிலம் விலைக்கு வாங்குவார்கள், பத்திரம் எழுதுவார்கள் என்கிற வாக்கு வருகிறது.

நிலம் வாங்கின மறுவருடமே எருசலேம் விழுந்தது. எரேமியாவை அவர் விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு நாளாவது ஏர் ஓட்டினார் என்று வேதத்தில் ஒரு வரி கிடையாது. ஆனாலும் வாக்கு பொய்யாகவில்லை, ஜனம் திரும்பி வந்தது, எஸ்றா புத்தகத்தில் ஊர்வாரியாக எழுதின கணக்கில் ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று இருக்கிறது (2:23). அந்த 128 பேரை எரேமியா பார்க்கவில்லை. இப்படி ஒருவரை விசுவாசம் இல்லாதவர் என்று நம்மில் யாராவது சொல்வோமா?

எல்லாரும் விரும்பி எடுக்கிற எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது, அதற்கு முந்தின வசனத்தில் 70 வருடம் என்ற கணக்கோடுதான் வருகிறது. பாபிலோனில் இருந்தவர்களுக்கு எழுதின கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்று எழுதுகிறார். முதலில் அதைக் கேட்டவர்களில் முக்கால்வாசிப்பேர் அங்கேயே செத்திருப்பார்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லிக் கைதட்டு வாங்குகிறான். ஜனத்துக்குப் பிடித்த பேச்சு அதுதான். கர்த்தர் அவனை அனுப்பவில்லை. சீக்கிரமாகவும் தேதியோடும் நல்லது சொல்கிற எந்தப் பிரசங்கத்தைக் கேட்டாலும் எனக்கு இந்த 28ஆம் அதிகாரம்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் அப்போஸ்தலர் 12. ஏரோது ராஜா அப்போஸ்தலனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான், ஒரே வசனம், முடிந்தது. பேதுருவைப் பிடித்தான், தூதன் வந்து சங்கிலி கழன்று இரும்புக்கதவு தானாகத் திறந்தது. அதே சபைதான், அவர்கள் நம்பின ஆண்டவரும் ஒருவர்தான். யாக்கோபின் வீட்டில் அழுதவர்களுக்கு அந்த வாரம் என்ன விளக்கம் கிடைத்தது? லூக்கா ஒன்றும் எழுதவில்லை. எபிரெயர் 11லும் இதையே பார்க்கலாம். விசுவாசத்தினாலே சிலர் பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள் என்கிறது 34ஆம் வசனம், விசுவாசத்தினாலேயே வேறுசிலர் பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தார்கள் என்கிறது 37. தப்பினவர்களுக்கு விசுவாசம் கூடுதல், செத்தவர்களுக்குக் குறைச்சல் என்று அங்கே எங்கேயும் இல்லை, இரண்டு கூட்டமும் ஒரே பட்டியலில்தான் இருக்கிறது. ஆபிரகாமுக்குத் தேசம் முழுவதும் என்று வாக்கு, கையில் கிடைத்தது சாராளைப் புதைக்க 400 சேக்கல் கொடுத்து வாங்கின ஒரு வயலும் குகையும்.

நம் ஊரிலேயே ஒன்று. 1740இல் கீர்நாந்தர் என்று ஸ்வீடன் நாட்டு மிஷனரி ஒருவர் கடலூருக்கு வந்து, தமிழ் படித்து, சபையையும் பள்ளிக்கூடத்தையும் 18 வருடம் நடத்தினார். 1758இல் பிரெஞ்சுப்படை வந்து கடலூரையும் புனித டேவிட் கோட்டையையும் பிடித்தது, அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தரங்கம்பாடி வழியாகக் கல்கத்தா போக வேண்டியதாயிற்று. அன்றைக்கு அது தோல்வியாகத்தான் தெரிந்திருக்கும். இருந்தும் இன்றைக்குக் கடலூரில் ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடிக்கிறது.

அப்படியானால் கர்த்தர் எதைத்தான் வாக்குப்பண்ணியிருக்கிறார் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பதும் அவர் கொடுத்த வாக்குதான், யாரும் அதைக் கார்டில் அச்சடிப்பதில்லை, ஆனால் "திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்" என்பது அதோடு சேர்ந்துதான் வருகிறது (யோவான் 16:33). விட்டுப் போகமாட்டேன் என்றிருக்கிறார். தண்ணீரைக் கடக்கும்போது கூட இருப்பேன் என்று ஏசாயா 43இல் இருக்கிறது, தண்ணீரே வராது என்று இல்லை. தம்முடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்க எதுவாலும் முடியாது என்று ரோமர் 8 சொல்கிறது, அந்த "எதுவும்" என்ற பட்டியலில் வியாகுலம், பசி, நிர்வாணம், பட்டயம் எல்லாம் வரிசையாக இருக்கிறது, அதெல்லாம் விசுவாசிக்கு வரும் என்று தெரிந்துதான் பவுல் எழுதுகிறார். கடைசியில் மரித்தவர்களை எழுப்பி, கண்ணீரைத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக்குவேன் என்றிருக்கிறார். இது சின்ன வாக்கா? உங்கள் அத்தையின் உடம்பு இந்த மருந்தில் குணமானாலும் குணமாகாவிட்டாலும் அவர் கர்த்தருடைய கையைவிட்டுப் போகமாட்டார் என்பதை நான் முழு மனசோடு நம்புகிறேன். குணமாக வேண்டும் என்று ஜெபிக்கிறேன், விடாமல் ஜெபியுங்கள், கேட்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சூளைக்கு முன்னால் நின்ற அந்த மூன்று வாலிபர் ராஜாவிடம் பேசினதுபோலக் (தானியேல் 3) கேளுங்கள்: அவர் விடுவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் நாங்கள் உம்முடைய சிலையை வணங்கமாட்டோம்.

தசமபாகம் பற்றி ஒரு வார்த்தை. கொடுத்தீர்கள், நல்லது. ஆனால் அது எல்ஐசி பிரீமியம் மாதிரி கட்டினால் கிளைம் வரும் என்று யாராவது மல்கியா 3:10ஐக் காட்டிச் சொல்லியிருந்தால், அவர்கள் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நன்றியோடு கொடுப்பதற்குத்தான் காணிக்கை என்று பெயர். இப்போது வீட்டில் கட்டிலும் மெத்தையும் அரிசியும் போய்விட்ட நிலையில் கொஞ்ச மாதம் கொடுக்க முடியாவிட்டால் அதற்காக மனசு உறுத்த வேண்டியதில்லை. இந்த நேரத்தில் சபைதான் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். எருசலேம் சபையில் இருந்த ஏழைகளுக்காகப் பவுல் ஊர் ஊராகக் காணிக்கை எடுத்தார், வாங்கிக்கொண்டவர்களை யாரும் விசுவாசம் குறைந்தவர்கள் என்று சொல்லவில்லை.

தானே புயலை நினைத்துப் பாருங்கள், 2011 டிசம்பர் 30 விடியற்காலை. மறுநாள் ராத்திரி வருட இறுதி ஆராதனை, கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாடினோம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன, அவர் தாத்தா வைத்த பலாவும் அதில் ஒன்று. அவர் எழுந்து ஆபகூக் 3ஐ வாசித்தார். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், ஒலிவமரத்தின் பலன் அற்றுப்போனாலும் என்று வாசித்துக்கொண்டே வந்து, தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர் புத்தகத்தை வாங்கி மீதியை வாசித்தார்: நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன். பெரியவர் அழுதுகொண்டே ஆமென் சொன்னார். விசுவாசம் என்று நான் நினைப்பது அதைத்தான். குரல் நின்றுபோனதும் அதில் சேர்த்திதான், மீதியை வாசிக்கப் பக்கத்தில் ஒருவர் இருந்ததும் சேர்த்திதான். அதனால் தனியாக இருக்காதீர்கள். ஜெபிக்க வாய் வரவில்லை என்றால் வேறு யாரையாவது உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள்.

மகளின் கேள்விக்கு வருகிறேன், உண்மையில் இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அவளைத் திட்டாதீர்கள், "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். அவள் கேட்டதை தாவீதும் ஆசாபும் கேட்டிருக்கிறார்கள், 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். இயேசப்பா பொய் சொல்லவில்லை, நாம்தான் அவர் சொன்னதில் பாதியைக் கார்டில் எழுதிவைத்தோம் என்று சொல்லுங்கள். வெள்ளம் ஏன் நம் வீட்டுக்கு வந்தது என்று கேட்டால், எனக்கும் தெரியாது கண்ணு என்று சொல்லுங்கள். அம்மாவுக்குத் தெரியாது என்று கேட்பதால் பிள்ளையின் விசுவாசம் போய்விடாது, தெரிந்ததுபோல அம்மா ஏதாவது சொல்லி அது பொய் என்று பிற்பாடு தெரிந்தால்தான் போகும். அப்புறம் 13ஆம் சங்கீதத்தை அவளோடு சேர்ந்து படியுங்கள், ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிற இடத்தை அவளே சத்தமாக வாசிக்கட்டும். கடைசி இரண்டு வசனம் நம்பிக்கையும் துதியும். அது இன்றைக்கு அவளுக்கு வாயில் வரவில்லை என்றால் நீங்கள் வாசியுங்கள். உங்களுக்கும் வரவில்லை என்றால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தூங்குங்கள், நாளைக்கு வாசிக்கலாம்.

வருகிற புத்தாண்டில் கார்டு எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எடுங்கள். எடுத்த வசனத்தின் அதிகாரத்தை அன்றைக்கு ராத்திரியே வீட்டில் எல்லாரும் முழுசாகப் படியுங்கள், முடிந்தால் முந்தின அதிகாரத்தையும் சேர்த்து. அத்தையைக் கூட்டிக்கொண்டு ஜிப்மருக்குப் போகிற நாளில் முன்கூட்டியே ஒரு போன் பண்ணுங்கள், எங்கள் வகுப்பில் இருந்து யாராவது ஒருவர் துணைக்கு வருவார், வரிசையில் நிற்க ஆள் இருந்தால் நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.